கவுன்டரில் கேட்கப்போவதை வீட்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்

வெளிநாட்டுக்குள் உங்களை விடலாமா என்று பார்க்கும் முதல் சோதனை அந்த நாட்டில் நடப்பதில்லை. மீனம்பாக்கத்திலோ திருச்சியிலோ, பெட்டியை எடைபோட ஏற்றி வைக்கிறீர்களே, அந்த செக்-இன் கவுன்டரில் நடக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் விமான நிறுவனத்தின் ஊழியர்தான், அரசு அதிகாரி இல்லை. ஆனாலும் பாஸ்போர்ட்டைப் புரட்டி, கணினியில் தட்டி, திரையில் வருவதைப் படித்து, "ரிட்டர்ன் டிக்கெட் இருக்குங்களா?" என்று கேட்டு, பதில் சரியில்லை என்றால் போர்டிங் பாஸ் கொடுக்காமல் நிறுத்திவிட அவரால் முடியும். அப்படி நிற்கிறவர் பெரிய தப்பு எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட் காலாவதியாக ஐந்தே முக்கால் மாதம்தான் பாக்கி என்றாலே போதும்.

அவர் திரையில் படிப்பது டிமாடிக் என்ற தகவல் தொகுப்பு. உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா அதை நடத்துகிறது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு எந்த நாட்டில் என்ன வேண்டும் என்ற விவரத்தை அந்தந்த அரசுகளிடமிருந்து வாங்கி அதில் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். விமான நிறுவனத்துக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை? காசுதான். 1944-இல் சிகாகோவில் நாடுகள் செய்துகொண்ட விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் ஒன்பதாம் இணைப்பு, பயணியின் ஆவணங்கள் சரியாக இருக்கின்றனவா என்று ஏறும் இடத்திலேயே பார்க்க வேண்டிய பொறுப்பை நிறுவனத்தின் தலையில் வைக்கிறது. சரியில்லாதவரைக் கொண்டுபோய் இறக்கினால் திருப்பிக் கொண்டுவருவதும் அவர்கள் பாடு, அபராதமும் அவர்கள் பாடு. பிரிட்டன் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு பயணிக்கு 2,000 பவுண்டு கேட்கிறது. நம் அரசும் 2000-இல் இதற்கென்றே சட்டம் போட்டு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வைத்தது. அந்தச் சட்டம் 2025-இல் புதிய குடிவரவுச் சட்டத்துக்குள் போய்விட்டது. ஆகவே கவுன்டர் ஊழியரிடம் கெஞ்சிப் பயனில்லை. அவர் மனம் இரங்கினால் கம்பெனிக்குச் செலவு.

ஒரு நல்ல செய்தி, அவர் பார்க்கும் அதே டிமாடிக்கை நீங்களும் பார்க்கலாம். ஐயாட்டாவின் பயணத் தகவல் தளத்திலும் பல விமான நிறுவனங்களின் தளங்களிலும் அது இலவசமாகவே கிடைக்கிறது. அங்கே போனால் முதலில் பதில் வராது, கேள்விதான் வரும். எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எந்தத் தேதிவரை செல்லும், எந்த நாட்டில் குடியிருக்கிறீர்கள், எங்கே போகிறீர்கள், எந்த ஊரில் விமானம் மாறுகிறீர்கள், எதற்காக, எத்தனை நாள். இத்தனையும் தெரிந்தால்தான் அந்தக் கணினியே பதில் சொல்லும். அப்படியிருக்க, "மச்சான் போன வருஷம் துபாய் போனாரே, இறங்கின இடத்துல விசா குத்திக் குடுத்துட்டாங்களே" என்பதை நம்பி டிக்கெட் போடலாமா? மச்சான் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா இருந்திருக்கும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா உள்ள இந்தியருக்கு ஐக்கிய அரபு அமீரகம் இறங்கியதும் 14 நாள் விசா தருகிறது. உங்கள் பாஸ்போர்ட்டில் அது இல்லையென்றால் அவர் கதை உங்களுக்குச் செல்லாது. அவர் பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்

விசாவைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அலமாரியில் இருக்கும் பாஸ்போர்ட்டை எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, இலங்கை, அமீரகம் என்று நம்மவர்கள் அதிகம் போகும் நாடுகளில் பெரும்பாலானவை ஆறு மாதக் கணக்கு கேட்கின்றன. டிசம்பர் 10-இல் காலாவதியாகும் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஜூன் 20-ஆம் தேதி கோலாலம்பூர் போக முடியாது. நான்கே நாளில் திரும்பிவிடுவேன் என்று சொன்னாலும் முடியாது, பத்து நாள் குறைகிறது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் கணக்கு வேறு. அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்ல வேண்டும், பாஸ்போர்ட் கொடுத்துப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. பிரிட்டனுக்கோ தங்கும் நாள்வரை செல்லுபடியானால் போதும். இந்த வித்தியாசங்களை மனப்பாடம் செய்வதை விட, பாஸ்போர்ட்டில் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிடுவது நல்லது. ஓராண்டு இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம்.

குடும்பமாகப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் குழந்தையின் பாஸ்போர்ட்டில். பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு, பிள்ளைகளுக்கு ஐந்துதான். ஒரே நாளில் எல்லோருக்கும் சேர்த்து எடுத்த ஞாபகத்தில் நம்முடையதை மட்டும் பார்த்துவிட்டு டிக்கெட் போட்டால், கவுன்டரில் நிற்கும்போது நால்வரில் ஒருவருக்கு மட்டும் கதவு மூடும். பிள்ளையை விட்டுவிட்டு யார் போவார்கள்?

பழைய பாஸ்போர்ட்டில் இன்னும் செல்லும் அமெரிக்க விசா இருந்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட் மாறியதால் அந்த விசா செத்துவிடாது. பக்கம் கிழிந்திருந்தால், தையல் பிரிந்திருந்தால், துணியோடு வாஷிங் மெஷினில் போய் வந்திருந்தால் புதிது வாங்காமல் கிளம்பாதீர்கள். குழந்தை கிறுக்கிய பக்கத்தைப் பார்த்துச் சிரிக்கும் அதிகாரி எல்லா ஊரிலும் இருப்பதில்லை.

இனிஷியல் என்ற தலைவலி

தமிழர்களுக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு, அதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உலகம் முழுக்கப் பயணப் படிவங்களில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று குடும்பப் பெயர், மற்றொன்று சொந்தப் பெயர். நமக்கு இருப்பதோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட மாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். விரிக்கும்போது ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவார். அவர் தம்பி இரண்டையும் சேர்த்துச் சொந்தப் பெயர்க் கட்டத்தில் போட்டு மற்றதைக் காலியாக விடுவார். அம்மாவுக்கு ஒரே பெயர் மட்டும் இருக்கும். ஒரே வீட்டில் மூன்று விதம்.

இந்த ஒற்றைப் பெயர் விஷயம் 2022 நவம்பரில் பெரிதாக வெடித்தது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அமீரகம் சொன்னதாக, நவம்பர் 21-ஆம் தேதியிலிருந்து நடைமுறை என்று விமான நிறுவனங்கள் சுற்றறிக்கை விட்டன. சில நாளில் விளக்கமும் வந்தது. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். அங்கே வேலை செய்து குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடையே இல்லை. ஆனால் அந்த இடைப்பட்ட நாட்களில் டிக்கெட் வைத்திருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்க விசாவில் வேறு மாதிரி செய்வார்கள். ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று மூன்றெழுத்து அடித்துவிடுவார்கள், முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். முதல்முறை பார்க்கிறவர்கள் தங்கள் விசாவில் யாரோ ஒருவரின் பெயர் ஏறிவிட்டது என்று பதறுவதுண்டு. பதற வேண்டாம், தப்பில்லை. டிக்கெட் எடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட இணையதளம் சம்மதிக்காது. அதே பெயரை இரண்டு தடவை போடச் சொல்லும் நிறுவனமும் உண்டு, வேறு விதம் சொல்லும் நிறுவனமும் உண்டு. அந்த நிறுவனத்தின் தளத்திலேயே ஒற்றைப் பெயருக்கு என்ன செய்வது என்று போட்டிருப்பார்கள், இல்லையென்றால் போன் செய்து கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

பெயர் சரிதானா என்று பார்க்க ஒரே இடம் போதும். பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, வரிக்கு 44 எழுத்தாக, அதைத்தான் கணினி படிக்கிறது. முதல் வரியில் இந்தியாவைக் குறிக்கும் எழுத்துகளுக்குப் பின் வருவது குடும்பப் பெயர், இரட்டை அம்புக்குறிக்குப் பின் சொந்தப் பெயர். டிக்கெட், விசா, அரைவல் கார்டு எல்லாம் அந்த வரியோடு பொருந்த வேண்டும். ரேஷன் கார்டில் எப்படி இருக்கிறது, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் இங்கே பேச்சில்லை. பாஸ்போர்ட் எண்ணைத் தட்டும்போது பூஜ்யத்தையும் ஆங்கில ஓ எழுத்தையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள், அந்த ஒரு எழுத்து விசாவையே செல்லாததாக்கிவிடும்.

விசா வேண்டாம் என்றால் ஒன்றுமே வேண்டாமா?

"இனி இந்தியர்களுக்கு விசா தேவையில்லை" என்று செய்தித் தலைப்பு வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். தலைப்பு பொய்யில்லை, ஆனால் பாதிதான். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள்வரை விசா விலக்கு கொடுத்தது. முதலில் ஓராண்டு, பிறகு 2026 டிசம்பர் 31 வரை என்று நீட்டினார்கள். அதாவது முடிவு தேதி உள்ள சலுகை. அந்தச் சலுகையிலும் திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், செலவுக்குப் பணம் மூன்றையும் காட்டச் சொல்லலாம். 2024 ஜனவரியிலிருந்து எம்டாக் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மின்னணு அரைவல் கார்டும் கட்டாயம். விசா இல்லை என்ற தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கிளம்பியவர், கவுன்டரில் நின்றபடி கைப்பேசியில் எம்டாக் நிரப்பும் காட்சி திருச்சியில் சாதாரணம்.

தாய்லாந்து விசாவின் கதை இன்னும் வேகம். ஒரு காலத்தில் இறங்கிய இடத்தில் 2,000 பாட் கட்டி 15 நாள் விசா வாங்கினோம். 2023 நவம்பரில் தற்காலிகமாக 30 நாள் இலவசம் ஆனது. 2024 ஜூலை 15 முதல் 60 நாள். அதைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு அடுத்த ஆண்டே தொடங்கிவிட்டது. இதற்கு நடுவில் 2025 மே 1 முதல் அவர்களும் மின்னணு அரைவல் கார்டு கொண்டுவந்துவிட்டார்கள்.

பக்கத்து நாடான இலங்கையைப் பாருங்கள். பல ஆண்டாக ஈடிஏ என்ற இணைய முன் அனுமதி இருந்தது. 2024 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டு ஒரு தனியார் நிறுவனத்தின் வழியாக வேறு முறை, கூடுதல் கட்டணம். எதிர்ப்பு கிளம்பி, வழக்குப் போய், ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் புதிய முறையை நிறுத்திவைத்தது. செப்டம்பர் கடைசியில் பழைய ஈடிஏ திரும்பி வந்தது. ஆறே மாதத்தில் ஒரு சுற்று. அந்த ஆண்டு மே மாதத்தில் யாரோ எடுத்த யூடியூப் வீடியோ இன்றும் தேடலில் வரும், தெளிவாகவும் இருக்கும், பார்க்கிறவருக்குத் தேதியைக் கவனிக்கத் தோன்றாது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போகிறவர்களுக்கும் இதே விதிதான். கடல் வழி என்பதால் பாஸ்போர்ட்டும் விசாவும் தளர்ந்துவிடாது.

அரைவல் கார்டு என்பது விசா அல்ல, விசாவுக்குப் பதிலும் அல்ல. விமானத்தில் பேனா கடன் வாங்கி நிரப்புவோமே, அந்தக் காகித அட்டை இப்போது கைப்பேசிக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சிங்கப்பூருக்கு இந்தியர்கள் விசாவும் வாங்க வேண்டும், அரைவல் கார்டும் நிரப்ப வேண்டும். மலேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர் மூன்றிலும் இது இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் செய்ய வேண்டிய வேலை. ஒரு மாதம் முன்னதாக உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று பார்த்தால் முடியாது. கைக்குழந்தைக்கும் தனியாக ஒன்று வேண்டும்.

மூன்றுமே இலவசம். இதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கைப்பேசியில் தேடினால் மேலே வந்து நிற்பவை பெரும்பாலும் விளம்பரம் கொடுத்த தரகர் தளங்கள். கொடியும் சின்னமும் போட்டு அரசுத் தளம் மாதிரியே இருக்கும். விவரமெல்லாம் வாங்கிக்கொண்டு கடைசிப் பக்கத்தில் அட்டை எண் கேட்கும். காசு போவது ஒரு பக்கம், உங்கள் பாஸ்போர்ட் விவரம் யாரிடம் போனது என்பது இன்னொரு பக்கம். அடையாளம் காண்பது கடினமில்லை. முகவரியின் முடிவைப் பாருங்கள். சிங்கப்பூர் அரசுத் தளம் ஜிஓவி புள்ளி எஸ்ஜி என்று முடியும், மலேசியா ஜிஓவி புள்ளி எம்ஒய், இலங்கை ஜிஓவி புள்ளி எல்கே. தாய்லாந்து மட்டும் ஜிஓ புள்ளி டிஎச். பணம் கேட்கும் அரைவல் கார்டுப் பக்கம் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றில் எதற்கும் அசல் இல்லை.

எத்தனை தடவை நுழையலாம்

விசாவின் பிடிஎஃப் வந்ததும் பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். அதில் சிங்கிள் என்றோ மல்டிபிள் என்றோ ஒரு சொல் இருக்கும், அதையும் படியுங்கள். சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒருநாள் பஸ்ஸில் பாலம் தாண்டி ஜோகூர் பாருவுக்குப் போய் வரலாம் என்று கிளம்புவார்கள். கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், ஆனால் அது மலேசியா. திரும்பி வருவது சிங்கப்பூருக்குள் இரண்டாவது நுழைவு. விசா சிங்கிள் என்ட்ரி என்றால் பாலத்தின் அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். மல்டிபிள் என்றாலும் போகும்போது மலேசியாவின் கார்டு, வரும்போது சிங்கப்பூரின் கார்டு புதிதாக, இரண்டையும் நிரப்பியாக வேண்டும்.

விசா இரண்டு ஆண்டு செல்லும் என்றால் இரண்டு ஆண்டு தங்கலாம் என்று பொருள் இல்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பதை நுழையும்போது அதிகாரி முடிவு செய்கிறார். சிங்கப்பூரில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதையே நிறுத்திவிட்டார்கள். எந்தத் தேதிவரை இருக்கலாம் என்பது அரைவல் கார்டில் நீங்கள் கொடுத்த மின்னஞ்சலுக்கு வரும். டிராவல்ஸ்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டு நிரப்பிக் கொடுத்திருந்தால் அந்தத் தேதி அவருக்குத்தான் போய்ச் சேரும். தேதி தாண்டித் தங்குவது அங்கே விளையாட்டுக் காரியமில்லை. 90 நாளுக்கு மேல் போனால் சிறையோடு பிரம்படியும் சட்டத்தில் இருக்கிறது.

வழியில் இறங்கும் ஊர்

போகும் நாட்டுக்கு எல்லாம் சரியாக வைத்திருந்தும் வழியில் இருக்கும் நாட்டால் நின்றுபோகிறவர்கள் உண்டு. லண்டனில் விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் அடுத்த விமானம் மாறுவதற்கே இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா இருக்கிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் விசா கையில் இருப்பவர்களுக்குப் பல நேரம் விலக்கு கிடைக்கும். அமெரிக்காவில் இந்தப் பேச்சே இல்லை. அங்கே உள்ளேயே இருந்து விமானம் மாறும் ஏற்பாடு கிடையாது. மெக்சிகோ போகிறவர் நியூயார்க்கில் இரண்டு மணி நேரம் மாறுவதாக இருந்தாலும் குடிவரவுச் சோதனையைத் தாண்டி, பெட்டியை எடுத்து, சுங்கம் முடித்து, திரும்ப ஏற வேண்டும். அதற்கு அமெரிக்க விசா வேண்டும். ஆயிரக்கணக்கில் விலை குறைவாக ஒரு டிக்கெட் கண்ணில் பட்டால் அது எந்த ஊர் வழியாகப் போகிறது என்று பாருங்கள்.

இன்னொரு பொறி, தனித்தனி டிக்கெட். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு நிறுவனம், அங்கிருந்து பாலிக்கு வேறொரு மலிவு நிறுவனம் என்று நாமே சேர்த்துப் போடும்போது, முதல் விமானக்காரருக்கு உங்கள் பயணம் சிங்கப்பூரோடு முடிகிறது. பெட்டி சிங்கப்பூரில் பெல்ட்டில் வந்து விழும். அதை எடுக்க நீங்கள் குடிவரவுச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டும், விசா இல்லாமல் அது நடக்காது. சில நாட்டு விசா உள்ளவர்களுக்கு 96 மணி நேர விலக்கு ஒன்று சிங்கப்பூரில் இருக்கிறது, நிபந்தனைகளோடு. இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லையே வராது.

ஊசியும் கசகசாவும்

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்கக் கூடாது. இதில் வினோதம், பல நேரம் அதை அதிகம் வற்புறுத்துவது நம் நாடுதான். அந்தக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் ஊரில் ஏராளம், காய்ச்சல் மட்டும் இன்னும் வரவில்லை. அதனால் அந்த நோய் உள்ள நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வந்தால் இங்கே ஆறு நாள்வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். கென்யாவில் சிங்கம் பார்த்துவிட்டு வந்து மீனம்பாக்கத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதற்குப் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். ஆக, கிளம்புகிற வாரத்தில் போட்டுப் பயனில்லை. ஹஜ், உம்ரா போகிறவர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி தனி.

பெட்டிக்குள் வைக்கும் பொருளும் நுழைவு விதியில் அடக்கம். அமீரகத்துக்குக் கசகசா கொண்டுபோகக் கூடாது, அது அங்கே போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. குருமாவுக்கு அரைக்க அம்மா கட்டிக் கொடுத்த பொட்டலம் என்று அங்கே விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் போன்ற வலி மாத்திரைகளுக்கு அங்கே முன் அனுமதி வேண்டும். தினமும் மருந்து சாப்பிடும் பெரியவர்கள் மருத்துவர் சீட்டோடு, மாத்திரையை அதன் அட்டையிலேயே வைத்துக்கொண்டு போவது நல்லது. சிங்கப்பூரில் வேப் கருவி, குட்கா, மெல்லும் புகையிலை மூன்றும் தடை. சிகரெட் ஒன்றே ஒன்று என்றாலும் வரி உண்டு.

ஆதார் எங்கே செல்லும்

முக்திநாத் யாத்திரை போகும் பெரியவர்களுக்காக இது. நேபாளத்துக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட்கூடக் கட்டாயமில்லை. ஆனால் விமானத்தில் போகும்போது பாஸ்போர்ட் இல்லையென்றால் வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் ஏற்கப்படுகிறது. அறுபது வயதில் ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு காத்மாண்டு விமானத்துக்குப் போனால் கவுன்டரில் சிக்கல்தான்.

வேலைக்குப் போகிறவர்கள்

சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்ற குறிப்பு இருக்கும். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். சுற்றிப் பார்க்கப் போவதற்கு அது வேண்டாம். அந்த ஓட்டையைத்தான் மோசடி ஏஜென்ட்கள் பயன்படுத்துகிறார்கள். தாய்லாந்துக்குச் சுற்றுலா என்று ஏற்றி, எல்லை தாண்டி மியான்மரில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்டு வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அதனால் சென்னைக் குடிவரவு அதிகாரியே இப்போது கூடுதலாகக் கேள்வி கேட்கிறார். முதல்முறை தனியாகப் போகும் இளைஞர் என்றால் எங்கே தங்குகிறாய், யார் செலவு, என்ன வேலை என்று கேட்பார். இறங்கும் இடத்திலும் அதே கேள்விகள்தான். விசா இருந்தாலும் விலக்கு இருந்தாலும் உள்ளே விடுவது அந்த அதிகாரியின் முடிவு. மலேசியாவில் அவர் திருப்தியாகவில்லை என்றால் என்டிஎல், அதாவது இறங்க அனுமதி இல்லை, என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்தக் கேள்விகளுக்குச் சுருக்கமான, ஒன்றோடொன்று முரண்படாத பதில் வேண்டும். ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், உறவினர் வீடு என்றால் அவர் முகவரியும் போன் எண்ணும், இவற்றைக் காகிதத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய இடத்தில் கைப்பேசிக்கு இணையம் கிடைக்க நேரமாகும். உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டு ஹோட்டல் என்று சொல்வதால் எந்த லாபமும் இல்லை, அவர்கள் போன் செய்து கேட்பார்கள்.

எப்போது பார்ப்பது என்றால், டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒருமுறை, கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் இன்னொரு முறை. முதல் முறை பாஸ்போர்ட், விசா, வழி, ஊசி. இரண்டாம் முறை அரைவல் கார்டும், இடையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்பதும். முதலில் அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் தளம், அடுத்து இங்குள்ள அவர்கள் தூதரகத்தின் தளம், பிறகு டிமாடிக். மூன்றும் ஒத்துவந்தால் நிம்மதி. ஒத்துவரவில்லை என்றால் விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள், ஏனென்றால் ஏற்றுவதா வேண்டாமா என்று முதலில் முடிவு செய்யப்போவது அவர்கள்தான். அமீரகம் போன்ற இடங்களுக்கு ஓகே டு போர்டு என்று தனிக் குறிப்பு கேட்கும் நிறுவனங்களும் உண்டு. விசா வந்ததும் அதை அனுப்பிப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கவுன்டரில் நிறுத்திவிட்டால், வாக்குவாதம் செய்யாமல் எந்த விதி என்று கேளுங்கள், திரையில் இருக்கும் வரியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அரைவல் கார்டு மட்டும்தான் குறை என்றால் ஓரமாக நின்று கைப்பேசியிலேயே முடித்துவிடலாம், கவுன்டர் வழக்கமாகப் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் மூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பாஸ்போர்ட் தேதி குறைவு, விசா இல்லை என்றால் அன்றைக்குப் போக வழியில்லை. அப்போது செய்ய வேண்டிய காரியம், விமானம் கிளம்புவதற்கு முன்பே டிக்கெட்டின் தேதியை மாற்றுவது அல்லது ரத்து செய்வது. சும்மா வீட்டுக்குத் திரும்பினால் நோ ஷோ என்று பதிவாகி, பல டிக்கெட்டுகளில் திரும்பி வரும் பயணமும் சேர்ந்து ரத்தாகிவிடும். இடம் இல்லாமல் ஏற்ற மறுத்தால் கிடைக்கும் நஷ்டஈடு, ஆவணக் குறைக்குக் கிடையாது. ஆனால் டிக்கெட்டே திரும்பப் பெற முடியாத வகை என்றாலும், பயணம் செய்யாதபோது அதில் உள்ள அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணமும் உங்களுக்குத் திரும்ப வர வேண்டியவை. தானாக வரும் என்று காத்திருக்காமல் நிறுவனத்தின் தளத்தில் டிக்கெட் எண்ணோடு விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள்.